கும்மிடிப்பூண்டிக்கு மாறிப் போன சிலைடுப் பெட்டி

என் தங்கச்சி மருமகள் காக்களூரில் ஒரு சிறப்புப் பள்ளியில் டீச்சர். போன வாரம் ஊட்டுக்கு வந்தவள், "மாமா, எங்க ஸ்கூல்ல செவுத்துல படம் காட்டற மெஷின் வந்துக்கிது. பசங்க ஆடாம அசையாம உக்காந்து பாக்குதுங்க. உங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்று கேட்டாள். ஏதுன்னா கேக்கற? எழுபத்து மூணாம் வருஷம், ஆடி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவள்ளூரில் இருந்து கும்மிடிப்பூண்டிக்கு அந்த மாதிரி மெஷினைத் தலைமேல் வைத்துத் தூக்கிப் போனவன் நான். இந்தியாவிலேயே முதல் ஆள் என்று சொல்ல மாட்டேன், மனுஷனுக்கு அடக்கம் வேண்டும். தென்னிந்தியா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவளை மாதிரி இன்னும் பல பேர் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் படப்பெட்டி, டேப்லெட்டு என்று தூக்கிக்கொண்டு அலைகிறார்களாம். அவர்களுக்கு உபயோகப்படும் என்றுதான் இதை எழுதுகிறேன். நேரம், தூரம், செலவு எல்லாம் துல்லியமாகப் போட்டிருக்கிறேன். நான் படித்தது அஞ்சாம் கிளாஸ், அதிலும் கடைசி மூணு மாசம் போகவில்லை. ஆனால் ஞாபகம் மட்டும் எம்.ஏ.

அப்போது எனக்கு இருபத்தாறு வயசு. திருவள்ளூருக்கு வெளியே, வயலை ஒட்டி டேரா போட்டிருந்த ஒரு டூரிங் டாக்கீசில் ஆபரேட்டர். ரீல் அறுந்தால், ஜனம் விசில் அடிப்பதற்குள் ஒட்டிவிடுவேன். ஏழு தாலுகாவில் எனக்கு ஜோடி கிடையாது. படம் தொடங்குவதற்கு முன்னால் திரையில் விளம்பரமும் அறிவிப்பும் விழும் இல்லையா, அதற்கென்று தனியாக ஒரு சிலைடு லாந்தர் உண்டு. உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடியை வெட்டி, மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் காட்டிக் கரிபிடிக்க வைத்து, ஊசியால் கீறினால் போதும். கீறின இடத்தில் மட்டும் வெளிச்சம் பாய்ந்து எழுத்தாகத் திரையில் விழும். கண்ணாடிக்குத்தான் காசு, புகை இலவசம்.

அந்தக் கோடையில் ஒரு நாள் முதல் ஆட்டத்துக்கு சாரதா டீச்சர் வந்தார். கோயில் தெருக்காரர், பெருமாள் கைங்கரியம் பண்ணுகிற குடும்பம். அந்த வீட்டுப் பெண் கும்மிடிப்பூண்டிக்குப் போய், ஒரு அரிசி மில் கிடங்கில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார் என்று தெருவே மூக்கில் விரல் வைத்திருந்த சமயம். மொத்தம் எட்டுப் பிள்ளைகள். அதில் ரெண்டைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் மெஷின் ரூம் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிலைடு விழுந்தபோது ரெண்டும் கண் கொட்டவில்லை. படம் ஆரம்பித்து, திரையில் ஆட்கள் பேச ஆரம்பித்ததும் ரெண்டும் திரும்பி உட்கார்ந்து என் ஓட்டையில் இருந்து வரும் வெளிச்சத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டன.

இடைவேளையில் டீச்சர் நேராக என்னிடம் வந்தார். "ஓடாத படம், பேசாத படம், பெருசா தெரியற படம். எங்க பசங்களுக்கு அதுதான் வேணும். நீங்க செஞ்சு தரணும்."

"டீச்சர், நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே அந்த ஐடியா எனக்கு இருந்துச்சு" என்றேன். இருந்தது, சத்தியமாக. வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

பசு, கோழி, பானை, பஸ், வாழைப்பழம் என்று பன்னிரண்டு படங்களுக்கு எழுதிக் கொடுத்தார். அதே படங்களை அட்டையிலும் வரைந்து, பக்கத்தில் பெயர் எழுதிப் பிள்ளைகளுக்குப் பழக்கிக்கொண்டு இருந்தார். ஆடி பிறந்ததும் ஒரு கார்டு போட்டார். வாசகம் அப்படியே நினைவில் இருக்கிறது. மங்கா என்று ஒரு பெண், ஒன்பது வயசு. அப்பா முனுசாமி, எளாவூர் செக்போஸ்ட்டில் லாரியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து பிள்ளையைக் கூட்டிப் போகப் போகிறார், நெல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில் வேலைக்கு விடுவதற்கு. அவள் கற்றுக்கொண்டதை அவர் கண்ணாலே பார்த்தால் மனம் மாறலாம். சிலைடுகளோடு பதினோரு மணிக்குள் வந்துவிடுங்கள்.

வராமல் இருப்பேனா? மூணு நாள் ராத்திரி பகலாக உட்கார்ந்து பன்னிரண்டு கண்ணாடியில் வரைந்தேன். நான் வரைந்த கோழியைப் பார்த்து எங்கள் கொட்டகை நாய் குரைத்தது. வரிசையாகப் பள்ளம் வைத்த ஒரு மரப்பெட்டியில் அடுக்கி, மற்ற பெட்டிகளோடு கலந்துவிடக் கூடாது என்று மூடியில் பெரிசாக ஒரு குங்குமப் பொட்டு வைத்து, அலமாரியில் வைத்தேன். இது புதன்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை விடியல் அஞ்சு இருபதுக்குத் திருவள்ளூரில் பஸ். லாந்தர் இருபத்தெட்டு ராத்தல், இப்போதைய கணக்கில் பன்னிரண்டு பதின்மூணு கிலோ, தலையில். சிலைடுப் பெட்டி அக்குளில். ரயிலில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். மெட்ராஸ் வரைக்கும் போய், வண்டி மாறி, மறுபடியும் வடக்கே வரவேண்டும். மூக்கைச் சுற்றித் தொடுகிற வேலை. ஆனால் கண்ணாடி கொண்டு போகிறவர்களுக்கு ரயில்தான் நல்லது, குலுக்கல் குறைச்சல். இதை நான் போகும்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பெரியபாளையம் பதினஞ்சு மைல், இப்போதைய கணக்கில் இருபத்து நாலு கிலோமீட்டர். டிக்கெட் ஒண்ணேகால் ரூபாய். என் தப்பு அங்கேதான். ஆடி ஞாயிற்றுக்கிழமை பவானியம்மன் சந்நிதிக்கு எவ்வளவு ஜனம் வரும் என்று யோசிக்காமல் கிளம்பிவிட்டேன். ஊருக்கு ஒரு மைலுக்கு முன்னாலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மாட்டு வண்டி, மாட்டு வண்டி, மாட்டு வண்டி. வேப்பிலையையே சேலையாகக் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றுகிற பெண்கள், மொட்டை அடித்த குழந்தைகள், கோழி கூவல், பொங்கல் புகை. ரெண்டு லட்சம் பேர் இருப்பார்கள். நான் லாந்தரோடு நடந்ததைப் பார்த்து ஒரு கிழவர், சாமிக்கு ஏதோ நேர்த்திக்கடன் கொண்டு போகிறான் என்று நினைத்து, வழி விடச் சொல்லி எனக்கு முன்னால் கத்திக்கொண்டே வந்தார். நான் மறுக்கவில்லை. அவர் புண்ணியத்தில் கூட்டத்தை அரை மணியில் கடந்தேன்.

பெரியபாளையத்துக்கு அந்தப் பக்கம், ஆரணி ரோட்டில் எட்டு இருபத்தஞ்சு வரைக்கும் நின்றேன். பஸ் இல்லை. கடைசியில் கும்மிடிப்பூண்டிக்குச் செங்கல் ஏற்றிப் போகும் லாரி ஒன்று நின்றது. டிரைவர் சுப்பையா, எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்.

"இன்னா நைனா, பொட்டிய கொழந்த மாதிரி கட்டிக்கினுகீற?"

"கண்ணாடி. காது கேக்காத புள்ளைங்களுக்குப் படம் காட்டப் போறேன்."

"காது கேக்காததுங்களுக்கு சினிமாவா? டப்பு தண்டம் நைனா, காசு வேஸ்ட்டு."

"சினிமா இல்ல, சிலைடு. எழுத்து கத்துக் குடுக்கறதுக்கு."

சுப்பையா கியரை மாற்றினார். அப்புறம், "எனக்கும் படிக்க வராது. போர்டப் பாத்துதான் ஓட்றேன். மெட்ராசுன்னா கடேசில ஒரு முறுக்கு இருக்கும். முறுக்கு கண்ணுல பட்டா அந்தப் பக்கம் திருப்பிடுவேன்" என்றார்.

"தப்பினது இல்லியா?"

"ஒரு தபா தப்பி மெட்ராசுக்குப் பதிலா திருத்தணி போய்ட்டேன். போனது போனோம்னு சாமி கும்ட்டுக்கினு வந்தேன்."

எட்டு மைலில் புதுவாயல் முக்கு. அங்கே நாஷ்டா, ரெண்டு பேருக்கும் இட்லி, டீ. லாரிக்குக் கூலி கேட்கவில்லை, நாஷ்டாவோடு சரி. அங்கிருந்து கவரப்பேட்டை வழியாக இன்னொரு எட்டு மைல். பள்ளம் வரும்போதெல்லாம் பெட்டியை மடியில் வைத்து நான் எழுந்து நின்றுவிடுவேன், குலுக்கல் என் முழங்காலோடு நிற்கும். இன்றைக்கு நீங்கள் போனால் ரெண்டு பக்கமும் தொழிற்சாலைச் சுவர்தான். தேர்வாய் கண்டிகை வரைக்கும் பெரிய தொழிற்பேட்டை வந்துவிட்டது. அன்றைக்குப் பனைமரமும் வேர்க்கடலைக் கொல்லையும்தான். கும்மிடிப்பூண்டி சேர்ந்தது பத்து அஞ்சு. அரிசி மில் வாசலிலேயே இறக்கிவிட்டு, "பத்திரம் நைனா" என்று ஆரன் அடித்துவிட்டுப் போனார் சுப்பையா.

கிடங்கு ஓடு போட்டது, நீளம் நாற்பதடி. ஒரு மூலையில் உமி மூட்டைகள், இன்னொரு பாதியில் பாய் விரித்துப் பள்ளிக்கூடம். மில்லில் தீ பிடித்தால் அணைக்க வாசலுக்குப் பக்கத்தில் சிவப்பு வாளியில் மணல். சுவரில் சுண்ணாம்பு புதுசு, அதில் டீச்சர் பெரிய எழுத்தில் மூணு அட்டை ஒட்டியிருந்தார். அடிக்கக் கூடாது. தள்ளக் கூடாது. துப்பக் கூடாது. எட்டுப் பிள்ளைகளுக்கு அந்த மூணும்தான் தேவைப்பட்டது போல.

மங்காவை எனக்குக் காட்டினார். ஒல்லி, ரெட்டைச் சடை, மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். நான் லாந்தரைக் கீழே வைத்ததும் வந்து அதன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, என் மீசையைக் காட்டி, தன் உதட்டுக்கு மேல் விரலால் முறுக்கிக் காட்டினாள். என் மீசையைப் பாராட்டின முதல் பெண் அவள்தான். (இரண்டாவது ஆள் இதுவரைக்கும் வரவில்லை.)

ஜன்னலில் எல்லாம் சாக்கு அடித்தோம். மில்லில் இருந்து ஒயர் இழுத்தேன். பதினோரு மணிக்கு முனுசாமி வந்தார். கட்டைக் குட்டையான ஆள், தோள் மட்டும் ரெண்டு ஆள் அகலம், கழுத்துக்குப் பின்னால் மூட்டை சுமந்த இடத்தில் தோல் காய்த்துத் தடித்திருந்தது. மகளைப் பார்த்ததும் ஒரு பொட்டலம் வேர்க்கடலை மிட்டாயை நீட்டினார். அவள் வாங்கி அவர் தொடையோடு ஒட்டி நின்றுகொண்டாள். கெட்ட மனுஷன் இல்லை, பார்த்தவுடனே தெரிந்தது.

"டீச்சரம்மா, சாயங்காலம் வண்டி. அவங்க ஊட்ல ஆள் காத்துக்கினுகீறாங்க" என்றார்.

"கொழந்தைய பாத்துக்கற வேலைன்னு சொன்னீங்க. ஒம்போது வயசுப் புள்ளை, இவளே கொழந்த."

"சோறு போடறாங்க, துணி எடுத்துத் தராங்க. பேச்சு வராத பொண்ணா இருந்தா எதிர்த்துப் பேசாதுன்னு அவங்க கேட்டு வாங்கறாங்கம்மா. இத்த வேற யார் கேட்டு வாங்குவாங்க?"

டீச்சர் அட்டைக் கட்டைக் கையில் எடுத்தார். பிறகு மெதுவாக, "ஆறு மாசத்துல அவ என்னெல்லாம் கத்துக்கிட்டான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. படம் விழும். அதுக்குச் சரியான அட்டைய அவ எடுத்துக் காட்டுவா" என்றார்.

முனுசாமி பீடியைப் பற்ற வைத்தார். "போன தபாவும் அட்டை எடுத்துச்சி. அது இன்னா பெரிசு? கிளி ஜோசியக்காரன்கிட்ட கீற கிளி கூடத்தான் அட்டை எடுக்குது. பழக்கினா எடுக்கும். படிக்குதுன்னு அர்த்தமா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நியாயமான கேள்வி. நான் மட்டும் அப்பாவாக இருந்தால் அதையேதான் கேட்டிருப்பேன். "அண்ணே, மொதல்ல என் படத்த பாருங்க, அப்புறம் பேசுங்க" என்று பெருமையாகப் பெட்டியைத் திறந்து, முதல் சிலைடைச் சொருகி, விளக்கைப் போட்டேன்.

சுவரில் என் பசு விழவில்லை. 'தாய்மார்களுக்குத் தனி வழி' என்று விழுந்தது.

அடுத்ததைச் சொருகினேன். 'முறுக்குக் கம்பி, ஆணி வகைகள் மலிவு விலையில்.' அடுத்தது, 'இடைவேளை.' எனக்கு உள்ளங்கால் வரைக்கும் வேர்த்தது. பொட்டு இருக்கிறதே என்று மூடியைப் பார்த்தேன், இருந்தது. அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை ஆடி வெள்ளி. முதலாளி கொட்டகையில் இருக்கிற மெஷின், ரீல் டப்பா, பெட்டி எல்லாவற்றுக்கும் மஞ்சள் தெளித்துப் பொட்டு வைத்துப் பூஜை போட்டிருக்கிறார். அலமாரியில் எல்லாப் பெட்டியும் ஒரே லட்சணத்தில் இருந்திருக்கிறது. நான் வந்தது கொட்டகை விளம்பரப் பெட்டியோடு.

டீச்சர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கையில் பசு அட்டையும் கோழி அட்டையும் இருந்தன, எடுத்து வைக்க இடம் இல்லாத மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். முனுசாமி வாய்விட்டுச் சிரித்தார். "இன்னாண்ணே, ஆணி விக்க வந்தியா?" பிள்ளைகளும் அவரைப் பார்த்துச் சிரித்தன. எனக்குக் கை தானாக ஓடியது. எந்தச் சிலைடு என்றுகூடப் பார்க்காமல் அடுத்ததை எடுத்துச் சொருகினேன்.

கரியில் கீறின வெறும் எழுத்து, படம் கிடையாது. 'கொட்டகைக்குள் பீடி பிடிக்கக் கூடாது.'

மங்கா பாயில் இருந்து எழுந்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். சுவருக்குப் போய் ஒரு இடத்தில் கையை வைத்தாள், எழுத்தின் வெளிச்சம் அவள் கை மேல் விழுந்தது. பிறகு பாய்க்கு நடுவில் நேராக அப்பாவிடம் நடந்து வந்தாள். அவர் வாயில் இருந்த பீடியை ரெண்டு விரலால் எடுத்தாள். வாசலுக்குப் போய் மணல் வாளியில் குத்தி அணைத்தாள். திரும்பி வந்து, சுவரைக் காட்டி, ரெண்டு கையையும் குறுக்கே வெட்டினாள். கூடாது.

எட்டுப் பேரில் ஏழு பேர் கை தட்டினார்கள். சத்தம் அவர்களுக்குக் கேட்காது, ஆனால் கை தட்டுவது அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

முனுசாமியின் வாய் பீடி வைத்த வடிவத்திலேயே இருந்தது. "யாரு சொல்லி வெச்சது?" என்றார். என்னைப் பார்த்தார். "அண்ணே, நீயா?"

"அண்ணே, இந்தப் பொட்டி வந்ததே எனக்கு இப்பதான் தெரியும். என் கொழந்த மேல சத்தியம்" என்றேன். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனால் என் முகம் இருந்த கோலத்தைப் பார்த்தால் யாருக்கும் சத்தியம் தேவைப்பட்டிருக்காது.

"டீச்சரம்மா?"

டீச்சர் இல்லை என்று தலையாட்டினார். "நான் இந்த வரிய சொல்லித் தரல. பள்ளிக்கூடத்துல சேர்ந்த புதுசுல, வீட்ல எழுத்து போட்ட பொருள் எது இருந்தாலும் கொண்டு வாங்கன்னு எல்லாப் புள்ளைங்களுக்கும் சொன்னேன். இவ உங்க பீடிக் கட்டு சுத்தின காகிதத்த கொண்டு வந்தா. அவ கத்துக்கிட்ட முதல் சொல்லே பீடிதான். கூடாதுங்கறது செவுத்துல இருக்கு, தினமும் பாக்கறா. ரெண்டையும் அவளே சேர்த்துக்கிட்டா."

முனுசாமி நம்பவில்லை, அல்லது நம்புவதற்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. தானே வந்து என் பெட்டிக்குள் கையை விட்டு நடுவில் இருந்து ஒன்றை உருவினார். "இத்தப் போடு." போட்டேன். 'முன் இருக்கையில் கால் வைக்கக் கூடாது.'

"இன்னா எழுதிக்கிது?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அவருக்கும் படிக்க வராது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மங்கா இந்தத் தடவை ரொம்ப நேரம் நின்றாள். 'முன் இருக்கை' என்கிற சொல் அவளுக்குத் தெரியவில்லை. உதட்டைப் பிதுக்கினாள். முனுசாமி டீச்சரைப் பார்த்தார், டீச்சர் அசையவில்லை. பிறகு மங்கா குனிந்து தன் பாதத்தைத் தொட்டுக் காட்டினாள். நிமிர்ந்து கையைக் குறுக்கே வெட்டினாள்.

"காலுன்னு போட்டுக்கிதா, அண்ணே?"

"போட்டுக்கிது."

அவர் வெளியே போய்விட்டார். சாக்கு இடுக்கு வழியாக நான் பார்த்தேன். மில் முற்றத்தில் நெல் காயப் போட்டிருந்த ஓரத்தில், நெற்றியில் கையை வைத்து நின்றார். டீச்சர் அட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார், கலைத்தார், மறுபடியும் அடுக்கினார். "நாலு பேர் நடுவுல பொண்ணு பீடிய புடுங்கிட்டா. கோவமோ என்னமோ" என்றார். எனக்கும் பயம்தான். முன்னே ஒரு தடவை நான் போன பஸ் குடை சாய்ந்தபோதுகூட நான் பயந்ததில்லை.

திரும்பி வந்தார். நேராக என்னிடம் வந்து குனிந்து, ரகசியம் மாதிரி கேட்டார். "அண்ணே, அந்தப் பொட்டியில அவ பேரு வருமா?"

வரவைக்க எனக்குத் தெரியாதா? ஆணிக்கடை சிலைடைத் துடைத்தேன். (முதலாளிக்கு இன்று வரைக்கும் சொல்லவில்லை.) மில் கணக்குப்பிள்ளையின் சிம்னி விளக்கை ஏற்றி, கண்ணாடியைப் புகையில் பிடித்தேன். கரி படிந்ததும் ஊசியை மங்காவிடம் கொடுத்தேன். நாக்கை வெளியே துருத்திக்கொண்டு, பாயில் குப்புறப் படுத்து, கீறினாள். மூணே எழுத்து. ஊசி நடுவில் வழுக்கினதால் கடைசி எழுத்தின் காலுக்கு ஒரு வால் வந்துவிட்டது. அதையும் சேர்த்து எடுத்துச் சொருகினேன்.

மங்கா.

சுவர் முழுக்க விழுந்தது, ஒவ்வொரு எழுத்தும் அவள் உயரம். முனுசாமி சுவர் ஓரம் போனார். போனதும் எழுத்து அவர் சட்டை மேல் விழுந்துவிட்டது. நகர்ந்தார், மறுபடியும் சுவரில் விழுந்தது. ஒரு விரலால் தொட்டார். எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. மங்கா போய் அந்த விரலைப் பிடித்தாள். முதல் எழுத்தின் தலையில் வைத்து, கீழே இழுத்து, வளைத்து, பக்கத்து எழுத்துக்குக் கொண்டு போனாள். மூட்டை தூக்கின விரல், சுண்ணாம்பு சிராய்க்கச் சிராய்க்கப் போனது. முடிந்ததும் முதலில் இருந்து இன்னொரு தடவை.

ஒரு தொழில் ரகசியம் சொல்லிவிடுகிறேன். கரிச் சிலைடை ரெண்டு நிமிஷத்துக்கு மேல் விளக்குக்கு முன்னால் வைக்கக் கூடாது, கண்ணாடி சூட்டில் வெடிக்கும். பல்பும் போய்விடும், பல்பு மெட்ராசில்தான் கிடைக்கும். நான் எடுக்கவில்லை. மூணாவது தடவை நடந்துகொண்டிருந்தபோது பட்டென்று ஒரு விரிசல் விழுந்தது. சுவரில் பேருக்குக் குறுக்கே ஒரு மின்னல். அவர்கள் ரெண்டு பேரும் அதையும் விரலால் வரைந்தார்கள்.

கடைசியில் முனுசாமி சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு டீச்சரிடம் வந்தார். "அந்த நெல்லூர் ஊட்டுக்காரங்கள வேற ஆள் பாத்துக்கச் சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமைல எனக்கு லோடு கெடையாது டீச்சரம்மா. நானும் வந்து பின்னாடி உக்காந்துக்கட்டுமா? தொந்தரவு பண்ண மாட்டேன்."

"பீடி பிடிக்கக் கூடாது" என்றார் டீச்சர். சிரித்துக்கொண்டே அழுதார்.

நான் திரும்பினது ரயிலில். கும்மிடிப்பூண்டியில் சாயங்காலம் நாலு பத்துக்கு ஏறி, மெட்ராசில் மாறி, திருவள்ளூர் சேரும்போது எட்டே முக்கால். உட்கார இடம் கிடைத்தது. ஜன்னலோரம் என்று சொல்லலாம். பெட்டியைத் திறந்து விரிசல் விட்ட கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "யார் பேருங்க?" என்று கேட்டார். "எனக்குத் தெரிஞ்ச ஒரு படிச்ச பொண்ணு" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சேர்த்துச் சொல்லத் தோன்றவில்லை, எனக்கே ஆச்சரியம்.

அடுத்த வாரம் பசுவையும் கோழியையும் அனுப்பிவிட்டேன். அதற்கப்புறம் ஒரு நாலைந்து தடவை போனேன். நூறு தடவை என்று என் தங்கச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நீங்கள் கேட்டால் நூறு என்றே சொல்லுங்கள்.

இப்போது போகிறவர்களுக்கு. திருவள்ளூரில் இருந்து பெரியபாளையம், புதுவாயல் வழியாகக் கும்மிடிப்பூண்டி ஐம்பது கிலோமீட்டர். இப்போது சொந்த வண்டியில் ஒண்ணேகால் மணி. ஆடி ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த வழி வேண்டாம். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே எளாவூர்ப் பக்கம் சரக்கு லாரி அதிகம், காலை ஒன்பதுக்குள் தாண்டிவிடுங்கள். பெட்டியைக் கிளம்பும்போதே திறந்து பாருங்கள், மூடியில் என்ன அடையாளம் இருந்தாலும் நம்ப வேண்டாம். எக்ஸ்டென்ஷன் ஒயர் முப்பதடிக்குக் குறையாமல் வேண்டும். ஜன்னல் மூட கருப்புத் துணி. படத்தில் எழுத்து பெரிசாக இருக்கட்டும், கொஞ்சமாக இருக்கட்டும், வீட்டில் இருக்கிற பொருளாக இருக்கட்டும். பேசுகிற வீடியோ போட்டுவிட்டு நீங்கள் போய் டீ குடிக்காதீர்கள், பிள்ளைகள் திரும்பி உட்கார்ந்துவிடும். பழக்கின படத்தோடு பழக்காத படம் ஒன்றையும் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் கடைசியாக ஒன்று, இதை மெஷின் புத்தகத்தில் போட்டிருக்க மாட்டான். பாடம் முடிந்தது என்று விளக்கைச் சட்டென்று அணைத்துவிடாதீர்கள். கூட்டிப் போக வந்து வாசலோரம் நிற்கிற அப்பாவோ அம்மாவோ இன்னும் பாதி எழுத்தில் இருப்பார்கள்.